மூடி இல்லாத பெல்

எனக்குத் தொண்ணூற்று மூன்று வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்க வேண்டாம்; அந்த ஏழாவது என் தம்பி. எனக்குப் பால்பல் விழுந்து முடியும் முன்பே அவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். நான் வளர்த்த பிள்ளைகளை எண்ணும்போது எல்லாரும் அவனை விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன்.

என் வயதுக்காரிகள் நாலைந்து பேர் இன்னும் காது கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வருவது ஆசை. வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். நமக்கு வந்தது பொறாமை. அது எதைக் கொடுத்தாலும் தீராது, கொடுக்கக் கொடுக்கக் கூடத்தான் செய்யும். என்னிடம் அது நிறையவே இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எழுத்து எனக்கு அறுபது வயதை ஒட்டித்தான் வந்தது. ஊர் ஊராகப் பெண்களைக் கூட்டி எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தக் காலத்தில். மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று போனேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். புள்ளி வைக்க மறந்துபோவேன், பேத்தி வைத்துவிடுவாள்.

இந்தப் பேத்தி திருச்சியில் பாங்கில் வேலை பார்க்கிறாள். மற்ற பெண்கள் நகை வாங்குகிற வயதில் இவள் துருப்பிடித்த சைக்கிளாகப் பார்த்து வாங்குகிறாள். வாங்கி, துருவைத் தேய்த்து, பழைய சாமான் தேடிப் பூட்டி, முதலில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கி ஓட்டுகிறாள். போன மாசியில் ஒரு வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலிலேயே இறக்கினாள்.

"அப்பத்தா, யார் வண்டின்னு சொல்லுங்க பாப்போம்?"

சொல்ல என்ன இருக்கிறது? ஒரு மாட்டை எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் அதன் நடை தெரியும். இது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. பொன்னமராவதியில் என் தங்கச்சி வீட்டில் இருந்த வண்டி. அதற்கு முன்னால் என் அப்பாவின் வண்டி. தங்கச்சி ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். அவள் மகன் வீட்டை ஒதுக்கும்போது இவள் போய் விலை பேசி வாங்கி வந்திருக்கிறாள்.

"எல்லாம் இருக்கு அப்பத்தா. பெல்லுக்கு மூடி மட்டும் இல்ல. சித்தப்பாவைக் கேட்டேன், அது ஆதியிலேருந்தே கிடையாதாம்."

நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். மெல்லுவதை நிறுத்தவில்லை.

அவளுக்கு இருந்த கவலை வேறு. வண்டி எந்த வருஷத்தது என்று தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே வெட்டியிருந்த நம்பர் பாதி தேய்ந்துவிட்டது. போனில் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள். ஒருவர் சுதந்திரத்துக்கு முந்தியது என்றாராம், இன்னொருவர் ஐம்பதுக்குப் பிந்தியது என்றாராம்.

"வருசம் தெரிஞ்சாத்தான் அப்பத்தா எந்தப் பெயின்ட்டு, எந்தக் கோடுன்னு முடிவு பண்ண முடியும். தெரியாம அடிச்சா அது பொய் வண்டி. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா, எந்த வருசம் வாங்குனாங்கன்னு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் என்ன பள்ளிக்கூடமா போனேன்?"

அதோடு விட்டிருப்பாள். ஆனால் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்.

"பெயின்ட் அடிச்சு முடிச்சதும் செயின் மூடியில சின்னப் பாட்டி பேர எழுதப்போறேன். அவங்களுக்காகத்தானே வாங்குன வண்டி!"

உங்களிடம் மறைப்பானேன். தொண்ணூற்று மூன்று வயதில், எதிரி செத்து நாலு மாதம் ஆன பிறகு, எனக்கு வயிற்றில் அந்தப் பழைய தீ பற்றியது.

எங்கள் ஊர் குடுமியான்மலைக்கு மேற்கே, செம்மண் காடு. கடலை, வரகு, இரண்டு கண்மாய். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு என்றாலும் பிழைப்பு மாட்டுத் தரகு. சந்தையில் மாட்டின் வாயைப் பிரித்து, கட்டை விரலைப் பல்லில் ஓட்டி, "ஆறு பல்லு, அடுத்த தையில கடை சேந்துரும்" என்றால் அதற்கு அப்பீல் கிடையாது. கடை சேர்ந்தது என்றால் எட்டுப் பல்லும் முளைத்து முடிந்த மாடு. விற்கிறவன் சத்தியம் செய்தாலும் அப்பா பல்லைத்தான் நம்புவார். "மனுசன் வயசக் கூட்டிச் சொல்லுவான், கொறைச்சுச் சொல்லுவான். பல்லு பொய் சொல்லாது" என்பார்.

நான் மூத்தவள். எனக்கு ஒன்றரை வருஷம் இளையவள் தங்கச்சி. நான் கறுப்பு, அவள் மாநிறம். அதற்கே ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொஞ்சும். ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது, அவளிடம் இல்லாதது. முடி. சுருட்டை முடி, கைக்கு அடங்காது. ஆத்தா விளக்கெண்ணெய் வழித்துத் தடவி, உச்சியில் கொண்டையாகச் சுருட்டி, கனகாம்பரத்தைச் சுற்றி வைப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தங்கச்சிக்கு இருந்ததே பூனைமுடி. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இருந்த வருஷம் வைகாசியில் குலசாமிக்கு மொட்டை போட்டதில் அதுவும் போயிற்று. மொட்டையும் தலையில் சந்தனமுமாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

ஆனி பிறந்ததும் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார். இரண்டு கல் தொலைவு. தங்கச்சி நானும் வருவேன் என்று புரண்டு அழுதாள். ஆத்தாவுக்கு அப்போது மசக்கை, தம்பி வயிற்றில் இருந்தான். "ரெண்டையும் கொண்டுபோயித் தொலைங்க, நான் செத்த படுக்கணும்" என்றாள். நான் நடந்தேன். தங்கச்சி அப்பாவின் தோளில் வந்தாள்.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வயதை யார் கேட்டார்கள்? காதைத்தான் கேட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயது. தொடாவிட்டால் போ, அடுத்த வருஷம் வா.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வா. கையத் தலைக்கு மேல கொண்டா. காதத் தொடு."

கையைக் கொண்டுபோனேன். கொண்டை மேல் ஏறி, கனகாம்பரத்தைத் தாண்டி, கை அந்தப் பக்கம் இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டது. காதுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. எக்கினேன். தலையைச் சாய்த்தேன். ஒரு பூ உதிர்ந்ததுதான் மிச்சம்.

"அஞ்சு ஆகல. அடுத்த வருசம் கூட்டியாங்க."

"இவதாங்க பெரியவ. ஆறு நடக்குதுங்க."

"நீங்க சொல்லுறது வாய்க்கணக்கு. கை பொய் சொல்லுமா?"

சந்தையில் அப்பா சொல்லுகிற பேச்சைத்தான் வாத்தியார் அவருக்கே திருப்பிச் சொல்லிவிட்டாரே. அந்த நேரம் பார்த்து, யாரும் கேட்காமலே, தங்கச்சி தன் கையைத் தூக்கி மொட்டைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழுக்குப் பாறையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது கை.

வாத்தியார் சிரித்தார். "அடேயப்பா, இந்தச் சின்னதுக்குப் பாருங்க, கை நீளம்! இவ பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார். நாலு வயது முடிந்து நாலே மாதம் ஆனவளுக்கு அஞ்சு வயது என்று பேரேட்டில் ஏறியது. ஆறு நடக்கிற நான் உதிர்ந்த கனகாம்பரத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொண்டைதான் தடுத்தது என்று வாத்தியாருக்கும் தெரியவில்லை, மாட்டுக்கு மாதக் கணக்குச் சொல்லுகிற அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்கு எங்கே தெரியும்?

திரும்பி வரும்போது தங்கச்சி கால் வலிக்கிறது என்றாள். அப்பா தூக்கிக்கொண்டு, "இனிமே நடக்க வேணாந்தாயி. ஒனக்கு வண்டி வருது பாரு" என்றார்.

ஒனக்கு. அந்தச் சொல்லை நான் காதில் வாங்கிக்கொண்டேன். தொட முடியாத காதுதான், ஆனால் கேட்கும்.

பத்து நாளில் சைக்கிள் வந்தது. புதுக்கோட்டை டவுனில் ஒரு சர்க்கார் கச்சேரி எழுத்தர் விழுந்து நெளித்த வண்டியாம். கடையில் கொடுத்துச் சீராக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் சைக்கிள். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று முன்னால் தொங்கியது. சீட்டுத் தோல் புதிதாக, செருப்புக் கடை வாசத்தோடு இருந்தது. ஊரே கூடிவிட்டது.

"எத்தனை வயசு வண்டி?" என்று கேட்டார் எதிர்வீட்டு மாமா.

அப்பா வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பெரிய பல்சக்கரத்தில் கட்டை விரலை ஓட்டினார். "கடை சேந்து ரொம்ப நாளாச்சு. ஆனா இன்னும் பத்து உழவு உழுகும்."

"சுழி பாத்தீரா?" என்றார் மாமா. "வாலு எங்கிட்டு இருக்கு?"

ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஹேண்டில்பாருக்குக் கொம்பு என்று பெயர். பிரேக் கட்டைக்கு மூக்கணாங்கயிறு.

மறுநாள் காலையில் தங்கச்சி முன் கம்பியில், மடித்துப் போட்ட துண்டின் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். நான் ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். அப்பா அவளைப் பெல் அடிக்க விட்டார்.

அந்தப் பெல்லைப் பற்றி நான் எப்படிச் சொல்லுவேன்! மேலே குமிழாகப் பித்தளை மூடி. கட்டை விரலால் தள்ளினால் கிணி கிணி என்று தெரு முனையிலிருந்து கேட்கும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. வரும்போது அவள் விடாமல் அடிப்பாள். கேப்பை திரித்துக்கொண்டிருந்தாலும், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாலும், எங்கே ஒளிந்தாலும் அந்தச் சத்தம் வந்து என்னைக் கண்டுபிடித்துவிடும். "அக்கா, நான் வந்துட்டேன்" என்று சொல்லத்தான் அவள் அடித்தாள். எனக்கு மட்டும் அது "நீ போகல, நீ போகல" என்று கேட்டது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்குள்ளும் கேட்டது.

சாயங்காலம் அவள் சிலேட்டை வைத்துக்கொண்டு எனக்கும் எழுத்துச் சொல்லித்தர வருவாள். "இது ஆனா, இது ஆவன்னா. வாலு வெச்சா ஆவன்னா, அக்கா." நான் ஆட்டுப் புழுக்கை கூட்டின கையால் சிலேட்டை அழித்துவிடுவேன். அன்றைக்கே ஒழுங்காகக் கேட்டிருந்தால் இன்றைக்குப் புள்ளிக்குப் பேத்தியைத் தேட வேண்டாம். வீம்பு விட்டதா?

கார்த்திகையில் ஒரு காலை. அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். வண்டி வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. மூடியைத் திருகினேன். திருகின பக்கமே இறுகியது. மறுபக்கம் திருகினேன், கழன்று கையில் வந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். புள்ளிப் புள்ளியாக ஏதோ கொத்தியிருந்தது, பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி. எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பிறை இருந்தது. அது தெரியும். எங்கள் வீட்டு மாடுகளின் தொடையில் அப்பா போடுகிற சூட்டுக்குறி. பாவாடையில் முடிந்துகொண்டு போய் வரகுக் குதிருக்குள் அடியில் புதைத்தேன்.

அப்பா வண்டியை எடுக்கும்போது தங்கச்சி பெல்லைத் தள்ளினாள். கட் கட் என்றது, பல்லிக்கு நோவு வந்த மாதிரி.

அப்பா வழியில் கழன்று விழுந்திருக்கும் என்றார். ஆத்தா ஒத்துக்கொள்ளவில்லை. நிறைமாதத்துக்கு இரண்டு மாதம் இருந்தது, இடுப்பு வலி, எதற்கும் சிடுசிடுப்பு. "நேத்து சாயந்தரம் அடிச்சுக்கிட்டுத்தானே வந்தா. வீட்டுக்குள்ளதான் போயிருக்கு." எங்கள் இருவரையும் அடுப்படியில் நிறுத்தினாள்.

"சொல்லுங்கடி. இந்த வீட்டுல யாருக்குடி கை நீளம்?"

தங்கச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துகொண்டே, பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"தங்கச்சிக்குத்தான் ஆத்தா கை நீளம். வாத்தியாரே சொன்னாருல்ல?"

"ஆமாத்தா," என்றாள் தங்கச்சி, பெருமையாக. "எனக்குத்தான் கை நீளம்."

நான் பொய் சொல்லவில்லை. இதை எண்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஆனால் ஆத்தா அப்போது கரண்டிக் காம்பை அடுப்புக்குள் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். திருட்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் தண்டனை என்பதும் தெரியும். தங்கச்சிக்குச் சூடு விழுந்தது, வலது மணிக்கட்டுக்கு மேலே. அவள் கத்தின கத்தலில் ஆடுகள் கயிற்றை இழுத்தன. அப்பா ஓடி வந்து ஆத்தாவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி எறிந்தார். அன்றைக்கு முழுவதும் ஆத்தாவோடு பேசவில்லை. ஆத்தா சாயங்காலம் சோற்றுக் கற்றாழையைக் கீறித் தடவிக்கொண்டே அழுதாள்.

எட்டு நாள் தங்கச்சி பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டு நாள் பெல் சத்தம் இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் ஒரு வாய்ச் சோறு உள்ளே இறங்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒன்பதாம் நாள் அவள் துணி சுற்றின கையோடு மறுபடியும் முன் கம்பியில் ஏறினபோது, இறங்காத அந்தச் சோறு பொறாமையாக மேலே வந்தது. பாவமும் பொறாமையும் ஒரே வயிற்றில் இருக்கும் போலிருக்கிறது.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலுக்கு அப்பா மாடுகளோடு சைக்கிளையும் கண்மாயில் இறக்கிக் கழுவினார். கொம்புக்குச் செம்மண்ணும் மஞ்சளும் பூசினார், மூடி இல்லாத பெல்லுக்கு மாலை போட்டார். அன்று நானும் தலை முழுகினேன். ஈர முடி முதுகோடு ஒட்டித் தொங்கியது. ஏதோ நினைவில் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனேன். காது விரலில் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டதா! காதைப் பிடித்து முறுக்கவே முடிந்தது!

தண்ணீருக்குள் நின்றபடியே எல்லாம் விளங்கிவிட்டது. கை குட்டையில்லை. கொண்டைதான். நான் பெருமைப்பட்ட முடிதான் என் காலை வாரிவிட்டது.

வீட்டுக்குப் போய்விட்ட அப்பாவிடம் காட்டலாம் என்று காதைப் பிடித்த கையை எடுக்காமலே ஓடினேன். வழியில் பார்த்தவர்கள் தோப்புக்கரணம் போடப் போகிறாள் என்று சிரித்தார்கள். வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். ஆத்தாவுக்கு வலி எடுத்துத் தம்பி பிறந்துவிட்டான். மருத்துவச்சி என்னைப் பார்த்து, "காத எதுக்குடி பிடிச்சிருக்க? கைய நீட்டு" என்றாள். நீட்டினேன். தம்பியை வைத்தாள்.

கை எட்டியது. அதற்குள் கை நிறைந்துவிட்டது. அவன் இறங்கி நடப்பதற்குள் எனக்கு எட்டு வயது ஆயிற்று. அப்புறம் என்னை யாரும் காதைத் தொடச் சொல்லவில்லை.

தங்கச்சி படித்தாள். டீச்சரானாள். பொன்னமராவதியில் வாழ்க்கைப்பட்டபோது அப்பா அந்தச் சைக்கிளைச் சீரோடு சீராக அனுப்பினார். எனக்குக் குத்துவிளக்கும் பசுவும் கன்றும் கொடுத்தார். குறை சொல்ல முடியாது. ஆனாலும் சைக்கிளை வண்டியில் ஏற்றும்போது நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா சாகும்வரை அதைப் பற்றி என்னோடு பேசினதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டுத் தழும்பு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். "சின்ன வயசுல அடுப்புல பட்டுருச்சு" என்பாளாம்.

குதிரிலிருந்து எடுத்த மூடி, நான் வாழ்க்கைப்பட்டபோது என்னோடு வந்துவிட்டது. கவிழ்த்து வைத்தால் பெல்; நிமிர்த்தி வைத்தால் கிண்ணம். சாமி மாடத்தில் குங்குமம் போட்டு வைத்தேன். எழுத்துக் கற்ற பிறகு குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். இடையில் ஒரு எழுத்து எங்களுக்குச் சொல்லித் தராத எழுத்து, ஒரு சுழிக்குறி வேறு. கூட்டிக் கூட்டி 'ஈஸ்வர' என்று வந்தது; மிச்சம் கறை ஏறித் தெரியவில்லை. சாமி பேர்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். திருடின பொருளில் சாமி பேர் இருந்தால் பயம் வராதா? அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி அதற்கு ஒரு பூ வைத்தேன்.

ஒரு தடவை தங்கச்சி என் வீட்டுக்கு வந்திருந்தாள், அவளுக்கு எழுபது வயதிருக்கும். குங்குமம் எடுக்க மாடத்தில் கை விட்டவள், கிண்ணத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குங்குமத்தை ஒரு தாளில் தட்டிவிட்டு, கிண்ணத்தை விரல் நுனியில் கவிழ்த்துப் பிடித்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். கிணிங் என்றது. எத்தனை வருஷம் கழித்து!

"நல்ல பித்தளைக்கா," என்றாள். "சத்தம் போகல பாரு."

குங்குமத்தை மறுபடியும் போட்டு, இருந்த இடத்தில் வைத்து, என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதிருக்க வேண்டும், இல்லையா? எனக்கு வந்தது என்ன தெரியுமா? அந்தப் பெரிய மனசும் அவளுக்கே போய்விட்டதே என்கிற பொறாமை.

இப்போது பேத்தியிடம் வருகிறேன். சின்னப் பாட்டி பேரை எழுதப்போகிறேன் என்றாளே, எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் மாடத்திலிருந்து கிண்ணத்தை எடுத்து, குங்குமத்தைத் தட்டிவிட்டு, முந்தானையால் துடைத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இந்தா. அந்த வண்டியில எனக்கும் ஒண்ணு இருக்கு. இது என்னுது."

அவள் எடுத்துப் பார்த்தாள். பெல்லின் மேல் வைத்துத் திருகினாள். இரண்டு சுற்றில் உட்கார்ந்துகொண்டது. "அப்பத்தா, இது எப்பிடி ஒங்ககிட்ட..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன இதே வரிசையில். சொல்லி முடித்ததும் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தில் புளி போட்டுத் தேய்த்தாள். புள்ளிகள் பளிச்சென்று வந்தன.

"இது சாமி பேரு இல்ல அப்பத்தா."

"பின்ன?"

"ஈஸ்வர, அப்புறம் இந்தச் சுழி இருக்கே, இது வருசத்துக்குப் போடுற குறி. ஈஸ்வர வருசம், ஆவணி. வருசத்தோட பேரு. கடையில விடுற சாமான் மாறிறக் கூடாதுன்னு வெட்டிருப்பாங்க. வண்டி கெடைச்ச தேதி இது!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஐம்பதாவது ஒண்ணாவது! முப்பத்தேழுலயே இருந்த வண்டி!"

நான் அந்தச் சந்தோஷத்தில் சேரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வருஷத்தையா கும்பிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் வேறொன்று உறைத்தது.

"தம்பி சாதகம் பெட்டியில இருக்கு. எடுத்துப் பாரு. அவன் பொறந்தது என்ன வருசம்?"

பார்த்தாள். "வெகுதானிய வருசம், தை."

"ஈஸ்வரவுக்கு முந்தியா பிந்தியா?"

"அடுத்த வருசம்."

விரலை மடக்கினேன். எனக்குப் பல் பார்க்கத் தெரியாது, ஆனால் பிள்ளைப்பேற்றுக் கணக்குத் தெரியும். தம்பி தையில் பிறந்தான். ஆத்தா அவனுக்கு மசக்கையாக இருந்த ஆனியில்தான் நாங்கள் காதைத் தொடப் போனோம். மூடியில் அப்பாவின் பிறைக்குறியோடு இருப்பது அதற்கு முந்தின ஆவணி. பத்து மாதத்துக்கு முன்பே அப்பா அந்த வண்டியை வாங்கிவிட்டார். நெளிந்த வண்டியைக் கடையில் போட்டு, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்திருக்கிறார். அந்த ஆவணியில் தங்கச்சி மூன்றரை வயது, ஆத்தாவின் முந்தானையை விடாதவள். பள்ளிக்கூடம் போகும் பேச்சு அந்த வீட்டில் யாருக்கு இருந்தது? எனக்கு மட்டும்தான்.

எனக்காக வாங்கிய வண்டி. கை எட்டாதவளிடம் அதைச் சொல்லி நோகடிக்க வேண்டாம் என்று அப்பா நினைத்திருப்பார். மாட்டுக்கு வாய் இல்லை, அதனால் பல்லைப் பார்த்தார். எனக்கு வாய் இருந்தும் அவர் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை. என் சைக்கிளைப் பார்த்தே நான் ஆயுசு முழுவதும் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் வண்டியின் மூடியைத் திருடி, அதற்கு அவள் கையில் சூடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப ஒங்க பேர எழுதிரவா அப்பத்தா?"

ஆசையாகத்தான் இருந்தது. என் பேர், அந்த வண்டியில், தங்க நிறக் கோட்டுக்கு நடுவில். வாய் வரைக்கும் வந்தது.

"வேணாம். அவ பேரையே எழுது. வண்டிக்குக் குறி வெச்சது உள்பக்கம். அவளுக்கு வெச்சது கையில."

பேத்தி தலையை ஆட்டினாள். நான் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா?

"ஆனா பெல்லு என்னுது. பெயின்ட்டெல்லாம் காஞ்சதும் மொதல்ல நான்தான் அடிப்பேன். வேற யாரும் தொடக்கூடாது."

இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகன் வண்டியைப் பார்க்க வருகிறான். அவன் ஆத்தா கையில் இருந்த தழும்பு அடுப்பில் பட்டது என்றுதான் அவனுக்கும் தெரியும்.

இந்தா புள்ளே, நோட்டைப் பிடி. புள்ளியெல்லாம் வைத்துவிடு. முதலிலிருந்து எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு, மெள்ள. ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னாலும் நீதான் படிக்க வேண்டும். அடுப்படி வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. "தங்கச்சிக்குத்தான் ஆத்தா கை நீளம்" என்பதை, நான் அன்றைக்குச் சொன்ன மாதிரியே, நல்லாக் கேட்கும்படி படி.